மணியாச்சியில் கற்றதை இம்மன்ஷ்டாட்டில் மறந்தேன்

முதலிலேயே என் ஜெர்மனிப் பயணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். போட்ட திட்டத்துக்கு மேல் 207 யூரோ போனது. அன்றைய மதிப்பில் 18,000 ரூபாய்க்கு மேல். அதோடு ஓர் இரவுத் தூக்கமும் போனது, 'நானெல்லாம் எங்கே விட்டாலும் வந்து சேர்ந்துவிடுவேன்' என்று அலுவலகத்தில் அடித்துக்கொண்டிருந்த பெருமையும் போனது. யாரும் என்னை ஏமாற்றவில்லை, யாரும் எதையும் திருடவில்லை. ஏறக்குறைய எல்லாமே நானாக இழுத்துக்கொண்டது. அதனால்தான் எழுதுகிறேன். பிக்பாக்கெட் ஜாக்கிரதை என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும், எந்தப் பாதியில் உட்கார்ந்திருக்கிறாய் என்று பார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

2024 டிசம்பரில் அலுவலக வேலையாக மூன்று வாரம் ஜெர்மனியில், நியூரம்பெர்க்கில் இருந்தேன். கிறிஸ்துமஸ் வந்ததும் அங்கே ஊரே கதவைச் சாத்திக்கொள்கிறது. 24-ம் தேதி மதியத்தோடு கடைகள் மூடின. 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. உடன் வேலை பார்த்தவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்கு விமானம் 30-ம் தேதி இரவு, பிராங்க்ஃபர்ட்டில் இருந்து. கல்லூரியில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா போடன்ஸே ஏரிக்கரையில் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் என்ற ஊரில் இருக்கிறார். "நாங்க 29-ம் தேதி காலையிலதான் ஊர் திரும்புறோம். நீ 28 ராத்திரி லிண்டாவ்ல தங்கிடு, பக்கம்தான், மறுநாள் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். லிண்டாவ் ஏரிக்குள் ஒரு தீவு ஊர். படங்களைப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. பணம் திரும்பக் கிடைக்காத வகையில் 92 யூரோவுக்கு ஓர் அறை போட்டேன். குளிர்காலத்தில் தனியாக ரயிலில் போகிறவர்கள் இந்த 'திரும்பக் கிடைக்காது' வகை அறையைப் போடவே கூடாது என்பேன். பத்து யூரோ கூடப் போனாலும் பரவாயில்லை, அன்று மாலை வரை ரத்து செய்ய வழி இருக்கிற அறையாக எடுங்கள்.

டிக்கெட்டுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்கினேன். ஒரு மாதம் முழுக்க நாடெங்கும் வட்டார ரயில், பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் போகலாம். ஐசிஇ, ஐசி, இசி போன்ற நெடுந்தூர வேக ரயில்களில் செல்லாது. அப்போது விலை 49 யூரோ. 2025 ஜனவரியில் 58 ஆனது, 2026 ஜனவரியில் 63. நல்ல டிக்கெட்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது மாதச் சந்தா. வாங்கிய நாளில் இருந்து முப்பது நாள் என்று கணக்கில்லை, நாட்காட்டி மாதம்தான். நான் 27-ம் தேதி வாங்கினேன். 31-ம் தேதியோடு அந்த 49 யூரோ தீர்ந்தது. அதுகூடப் போகட்டும். மாதக் கடைசியோடு நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து சொல்லியிருக்க வேண்டும். 27-ம் தேதி வாங்கியவள் 10-ம் தேதிக்குள் எப்படிச் சொல்வது? ஜனவரிக்கும் 58 யூரோ அட்டையில் இருந்து போனது. நான் அப்போது சென்னையில் இருந்தேன். மாதத் தொடக்கத்தில் போய் நான்கைந்து பயணம் செய்கிறவர்கள் இதை வாங்கலாம், வாங்கிய கையோடு ரத்தும் சொல்லிவிடலாம். மாதக் கடைசியில் போகிறவர்கள் அந்தந்த மாநிலத்தின் ஒருநாள் டிக்கெட் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பவேரியாவுக்குத் தனியாக ஒன்று இருக்கிறது, நான் பார்க்கவே இல்லை.

28-ம் தேதி சனிக்கிழமை. மதியம் நியூரம்பெர்க்கில் ஏறி மியூனிக் வந்து இறங்கியபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. இருபத்து மூன்று கிலோ பெட்டி, முதுகில் ஒரு பை. நாலரைக்கெல்லாம் வெளியே இருட்டிவிட்டது. நம் ஊரில் நாலரை என்றால் டீ நேரம். அங்கே டிசம்பர் கடைசியில் அதுதான் அந்தி. இந்த இருட்டை நான் பயணக் கணக்கில் சேர்க்கவே இல்லை. செயலி மூன்று மணி நேரப் பயணம் என்று காட்டினால் மூன்று மணி நேரம்தான் என்று எடுத்துக்கொண்டேன். இருட்டில் ஜன்னல் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். எந்த ஊர், எந்தப் பக்கம் போகிறது என்று ஒன்றும் பிடிபடாது. பகலில் ஒரு மலையையோ பலகையையோ பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய தவறு, இருட்டில் கடைசி நிலையம் வரை கூடவே வரும். தெரியாத ஊருக்குப் போவதென்றால் குளிர்காலத்தில் மதியம் இரண்டு மணிக்குள் போய்ச் சேருவதுபோல் கிளம்புங்கள். நான் அன்று காலை பத்து மணி வரை தூங்கினேன். எதற்கு என்று இப்போதும் தெரியவில்லை.

மியூனிக் பெரிய நிலையம் நம் சென்னை சென்ட்ரல் மாதிரி. ரயில்கள் வந்து முட்டி நிற்கும், அப்படியே திரும்பிப் போகும். வட்டார ரயில்களின் நடைமேடைகள் நடுக்கூடத்தில் இருந்து தள்ளி, பக்கவாட்டில் இருக்கின்றன. ரயில் மாற ஏழு நிமிடம் என்று செயலி சொன்னதை நம்பி நடந்தால் ஓடத்தான் வேண்டியிருக்கும். நானும் ஓடினேன், பெட்டியை இழுத்துக்கொண்டு. வண்டியின் பின்பக்கம்தான் நடைமேடையின் வாயில் அருகே இருக்கும் என்பதால் தாமதமாக வருகிறவர்கள் எல்லாரும் பின்பக்கத்தில்தான் ஏறுவார்கள். பலகையில் 'லிண்டாவ்' என்று இருந்தது, பார்த்தேன். அதற்குக் கீழே இன்னொரு ஊரின் பெயரும் இருந்தது, படிக்கவில்லை. வழியில் உள்ள ஊராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போனால் முக்கால்வாசிப் பேர் கம்பளித் தொப்பி, கழுத்தில் கொடி வண்ணத் துணி, கையில் பீர் பாட்டில். ஏதோ திருவிழாவுக்குப் போகிற கூட்டம். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஒருவரிடம் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

டீசல் வண்டி. இரண்டிரண்டு பெட்டிகள் சேர்ந்து ஒரு தொகுதி, அப்படிப் பல தொகுதிகளைக் கோத்திருந்தார்கள். ஒரு தொகுதிக்குள் நடக்கலாம். ஒன்றில் இருந்து அடுத்ததற்குப் போக உள்ளே வழி கிடையாது. நம் வெஸ்டிபுல் வண்டி மாதிரி கடைசிவரை நடந்துவிடலாம் என்று நினைத்தால் அது முடியாது. உள்ளே நல்ல சூடு. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே, உள்ளே இருபதுக்கு மேல். நான் போட்டிருந்தது உள்பனியன், ஸ்வெட்டர், அதற்கு மேல் முழங்கால் வரை வருகிற பெரிய கோட்டு. கழற்றி மடியில் வைக்க இடமில்லை, கூட்டம். கெம்ப்டன் வரை விழித்திருந்தேன். அதற்கப்புறம் அந்த வெக்கையில் தலை சாய்ந்துவிட்டது.

ஏதோ ஒரு நிலையத்தில் வண்டி நெடுநேரம் நின்றதும், ஒரு குலுக்கலும், ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் நீளமாக ஏதோ சொன்னதும் அரைத்தூக்கத்தில் நினைவிருக்கிறது. அதுதான் இம்மன்ஷ்டாட். கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே பலகையில் 'சோன்ட்ஹோஃபன்'. நான் எழுதி வைத்திருந்த ஊர் வரிசையில் அப்படி ஒரு பெயரே இல்லை. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தேன். நீலப்புள்ளி மேற்கே ஏரியைப் பார்த்துப் போக வேண்டியது, தெற்கே மலைக்குள் போய்க்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் ஏதோ நழுவி விழுந்ததுபோல் இருந்தது. எதிரே இருந்த பையனிடம் "லிண்டாவ்?" என்றேன். அவன் தலையை ஆட்டி, இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துப் பிரித்துக் காட்டினான். "இம்மன்ஷ்டாட்" என்றான். அந்த ஒரு சைகையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

இதில் வெட்கம் என்னவென்றால், நான் தூத்துக்குடிக்காரி. அந்தக் காலத்தில் சென்னையில் இருந்து வந்த குருவாயூர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடிப் பெட்டிகளை மணியாச்சியில் கழற்றி விடுவதைப் பார்த்து வளர்ந்தவள். சின்ன வயதில் அந்த நிறுத்தத்தில் அப்பா எங்களைக் கீழே இறங்க விடமாட்டார். தப்பான பெட்டியில் உட்கார்ந்து நாகர்கோவில் பக்கம் போனவர்களின் கதைகளை வருடத்துக்கு ஒன்றாவது சொல்வார். ஐரோப்பாவில் அப்படி இருக்காது என்று யார் எனக்குச் சொன்னது? ஜெர்மனியில், அதுவும் பவேரிய மலைப்பக்கப் பாதைகளில், இது அன்றாடம் நடக்கிற காரியம். மியூனிக்கில் இருந்து ஒன்றாகக் கிளம்பும் வண்டி இம்மன்ஷ்டாட்டில் பிரிந்து, ஒரு பாதி லிண்டாவுக்கும் மறு பாதி ஓபர்ஸ்டோர்ஃபுக்கும் போகும். மியூனிக்கின் தெற்கே ஹோல்ட்ஸ்கிர்ஹன் என்ற இடத்திலும் இப்படிப் பிரிகிற வண்டிகள் உண்டு. அறிவிப்பில் 'ட்சூக்டைல்' என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து உட்காருங்கள். ரயிலின் ஒரு பகுதி என்று பொருள். 'ஃபோர்டரெ' என்றால் முன்பகுதி, 'ஹின்டரெ' என்றால் பின்பகுதி. பலகையில் இரண்டு கடைசி ஊர் போட்டிருந்தால் அதுவும் இதே அறிகுறி. ஏறுவதற்கு முன் அந்தப் பெட்டியின் வெளிப்புறத்தில் எழுத்தாக ஓடும் ஊர்ப் பெயரைப் பாருங்கள். நடைமேடைப் பலகை முழு வண்டிக்கும் பேசும், பெட்டியின் பக்கத்தில் இருப்பதுதான் உங்களுக்குப் பேசும். கடைசி நொடியில் ஓடி வந்து ஏற நேர்ந்தால் ஏறிவிடுங்கள், தப்பில்லை. பிரியும் இடத்துக்கு முன்னால், கெம்ப்டன் மாதிரி வண்டி கொஞ்ச நேரம் நிற்கிற ஊரில் இறங்கி, நடைமேடையில் நடந்து சரியான பகுதிக்கு மாறிக்கொள்ளலாம்.

சோன்ட்ஹோஃபனில் நான் இறங்கவில்லை. அடுத்து ஃபிஷன் என்ற சிறிய ஊர் வந்தது, அங்கேயும் இறங்கவில்லை. ஒரு விளக்கு, ஒரு பெஞ்ச், சுற்றிலும் பனி, ஆள் கிடையாது. அந்த இருட்டில் ஒற்றையாக நிற்பதைவிடக் கடைசி நிலையத்தில் மனிதர்களாவது இருப்பார்கள் என்று தோன்றியது. பெண்ணாகத் தனியாகப் போகிறவர்கள் பலருக்கும் அந்தக் கணக்குதான் ஓடும் என்று நினைக்கிறேன். சரியா தவறா என்று இன்றும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. இறங்கியிருந்தால் எதிர்வண்டியைப் பிடித்து லிண்டாவுக்கே போயிருக்கலாம். அல்லது அந்த எதிர்வண்டி வராமல் பெஞ்சிலேயே உறைந்திருக்கலாம். பிறகு நடந்ததைப் பார்த்தால் இரண்டாவதற்கும் நல்ல வாய்ப்பு இருந்தது.

ஓபர்ஸ்டோர்ஃப். ரயில் பாதை அதோடு முடிகிறது, அதற்கப்பால் மலைதான். இறங்கியதும் அந்தக் கூட்டத்தின் காரணம் தெரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கடைசியில் நான்கு மலைப் பந்தயம் என்ற பனிச்சறுக்குத் தாண்டல் போட்டி இங்கேதான் தொடங்குகிறது. அப்புறம் கார்மிஷ், இன்ஸ்புருக், பிஷோஃப்ஸ்ஹோஃபன் என்று போகும். 28-ம் தேதி தகுதிச் சுற்று, மறுநாள் போட்டி. ஊரில் ஓர் அறைகூடக் கிடையாது. நிலையத்துக்கு எதிரே இருந்த விடுதியில் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண், பாவம், சிரிக்காமல் இருக்க முயன்றார். ஜூலையிலேயே நிறைந்துவிட்டதாம். குளிர்காலத்தில் மலைப்பக்கம் போகிறவர்கள் தாங்கள் போகிற ஊரில் மட்டுமல்ல, அந்தப் பாதையில் வேறு எங்கே என்ன விழா என்றும் ஒருமுறை தேடிப் பாருங்கள். ரயிலில் இடம், அறை, டாக்ஸி மூன்றையும் அது தின்றுவிடும்.

எட்டு மணி வாக்கில் இம்மன்ஷ்டாட் திரும்பும் வண்டி. பலகையில் அதற்கு நேரே வெள்ளை எழுத்தில் 'ஃபெல்ட் அவுஸ்' என்று ஓடியது. எனக்கு 'ஃபெர்ஷ்பேட்டுங்' தெரியும், தாமதம். 'கிளைஸ்' தெரியும், நடைமேடை. இது தெரியாது. தாமதத்தின் இன்னொரு வகை என்று நினைத்துக் கொண்டு இருபது நிமிடம் நடைமேடையில் நின்றேன். ரத்து என்று அர்த்தம். அந்த ஒரு சொல் தெரியாததால் கடும் குளிரில் இருபது நிமிடம். மைனஸ் எட்டு என்று மருந்துக்கடை வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வண்டியும் ரத்து. தண்டவாளத்தில் பாயிண்ட் கோளாறு என்று யாரோ சொன்னார்கள். பந்தயம் முடிந்து திரும்புகிற கூட்டம் சேர்ந்துகொண்டே போனது.

குளிரைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். பெரிய கோட்டு ஒன்று இருந்தால் போதும் என்று சென்னையில் நினைத்தேன். குளிர் கோட்டு வழியாக வரவில்லை, காலில் இருந்து ஏறியது. போட்டிருந்தது சாதாரண கான்வாஸ் ஷூ, பருத்திக் காலுறை. கால் வியர்த்து, அந்த ஈரம் குளிர்ந்து, அரை மணியில் விரல் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று. பருத்தி வேண்டவே வேண்டாம், கம்பளிக் காலுறை எடுங்கள். அடிப்பாகம் தடித்து, பள்ளம் பள்ளமாக உள்ள ஷூ எடுங்கள். ஜீன்ஸ் குளிரை வாங்கி வைத்துக்கொள்ளும், உள்ளே ஒரு தெர்மல் வேண்டும். ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிய உடுப்புகள் மூன்று நல்லது, ரயிலுக்குள் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். அப்படிக் கழற்றியிருந்தால் நான் அன்று தூங்கியிருக்க மாட்டேன். சக்கரப் பெட்டி பனியில் உருளாது. அது ஏர் மாதிரி உழுதுகொண்டு வரும். இழுக்காதீர்கள், தூக்குங்கள். தூக்க முடியாத கனத்தில் கட்டாதீர்கள்.

அடுத்து கைப்பேசி. ரயிலில் பிளக் இல்லை. பழைய வட்டார வண்டிகள் பலவற்றில் இருக்காது. 24 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்தது, வெளிப்பையில் இருந்து எடுத்தேன், கண்ணெதிரே அணைந்துவிட்டது. குளிரில் பேட்டரி அப்படித்தான், இருப்பதைக் கொடுக்காது. பவர் பேங்க் இருந்தது, முதுகுப்பையின் வெளிப்பாக்கெட்டில், அதுவும் ஐஸ் கட்டி மாதிரி. நிலையத்தின் உள்ளே வெக்கை வருகிற ஓரத்தில் நின்று இரண்டையும் ஸ்வெட்டருக்குள் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கால் மணியில் உயிர் வந்தது. அந்தக் கால் மணியில்தான் இன்னொன்று உறைத்தது: டிக்கெட் கைப்பேசியில்தான் இருக்கிறது. கைப்பேசி செத்தால் நான் டிக்கெட் இல்லாத பயணி. அங்கே அதற்கு 60 யூரோ. உங்கள் பெயரில் உள்ள மாத டிக்கெட் என்றால் ஒரு வாரத்துக்குள் காட்டி 7 யூரோவுக்குக் குறைத்துக்கொள்ளலாம் என்று அக்கா அப்புறம் சொன்னார். அந்த நேரத்தில் அது யாருக்குத் தெரியும்? கைப்பேசியையும் பவர் பேங்கையும் உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் வையுங்கள். பாஸ்போர்ட்டும் அதே இடத்தில் இருக்கட்டும், பரிசோதகர் டிக்கெட்டோடு அடையாளமும் கேட்பார். போக வேண்டிய விடுதியின் முகவரி, ஒரு தொலைபேசி எண், வண்டி மாறும் ஊர்கள், இவற்றை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஊர் வரிசை மட்டும் இருந்தது.

நிலையக் கழிப்பறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். அம்மாவைக் கூப்பிடவில்லை, ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. அக்காவுக்கு மட்டும் செய்தி அனுப்பினேன். "பயப்படாதடி, அது பத்திரமான ஊர்தான். மூணு மணி நேரம் வேஸ்ட், அவ்வளவுதான்னு நினைச்சுக்கோ" என்று பதில் வந்தது. அவ்வளவுதானா என்று கோபமாக வந்தது. ஆனால் அதுதான் என்னைக் கொஞ்சம் நிமிர்த்தவும் செய்தது.

பத்து மணிக்கு மேல் ஒரு வண்டி வந்தது. நின்றுகொண்டே இம்மன்ஷ்டாட் வந்து சேர்ந்தபோது பத்தே முக்கால் ஆகிவிட்டது. பலகையில் அன்றைக்கு லிண்டாவ் என்று இனி எதுவும் இல்லை. நிலையக் கூடம் பூட்டியிருந்தது. சிறிய ஊர்களில் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள், இரவு முழுக்க உட்கார்ந்து விடியவைக்க அது எழும்பூர் இல்லை. லிண்டாவ் விடுதிக்குப் போன் செய்தேன், எடுக்க ஆளில்லை. சின்ன விடுதிகளில் மாலையோடு வரவேற்பறையை மூடிவிட்டு, சாவியை வாசல் பெட்டியில் வைத்து ரகசிய எண்ணை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறார்கள். அதாவது அன்று இரவு எனக்காக லிண்டாவில் ஒரு சாவி காத்துக்கொண்டிருந்தது. டாக்ஸியில் போனால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நூற்றைம்பது யூரோவாவது ஆகும் என்றார்கள்.

தெருவில் வெளிச்சமாக இருந்தது ஒரு டோனர் கடை, அதாவது துருக்கிய கபாப் கடை, மட்டும்தான். அந்த நேரத்தில் ஜெர்மனியின் எந்தச் சிறிய ஊரிலும் திறந்திருப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், நினைவில் வையுங்கள். கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு தேநீரும் வறுத்த உருளைக்கிழங்கும் கேட்டேன். நாற்காலி ஒன்றைத் திரும்பவும் இறக்கி வைத்தார். பெட்டியைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சார்ஜர் குத்துகிற இடத்தைக் காட்டினார். அறை எங்கே கிடைக்கும் என்று நான் கேட்டதும் யாருக்கோ போன் போட்டு ஜெர்மனில் கொஞ்சம் சண்டை மாதிரி பேசினார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு விடுதி, 85 யூரோ, ரொக்கம் மட்டும். என்னிடம் தாளாக நூறு யூரோ இருந்தது. அட்டை போதும் என்று சொல்லும் நண்பர்களின் பேச்சைக் கேட்டிருந்தால் அன்று தெருவில்தான். ஜெர்மனியில் கையில் நூறு யூரோவாவது தாளாக வைத்திருங்கள். கொஞ்சம் சில்லறையும் வேண்டும், பெரிய நிலையங்களில் கழிப்பறைக்கு ஒரு யூரோ.

இந்தச் செலவை ரயில்காரர்களிடம் கேட்க முடியுமா என்று மறுநாள் அக்காவின் கணவரிடம் கேட்டேன். வண்டி தாமதமானதாலோ ரத்தானதாலோ அன்றைக்கு இனி போக வழி இல்லை என்றால் தங்க வைப்பது ரயில் நிறுவனத்தின் பொறுப்பு, அது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்திலேயே இருக்கிறது. "ஆனா நீங்க முதல்ல தப்பான பாதியில ஏறியிருக்கீங்களே. அவங்க அறிவிப்பும் குடுத்திருக்காங்க" என்றார். சரி, விட்டுவிட்டேன். உங்கள் தவறு இல்லாத நிலையில் மாட்டிக்கொண்டால், சொந்தக் காசைச் செலவழிப்பதற்கு முன் நிலையத்தில் இருக்கும் ஊழியரையோ வண்டியில் இருப்பவரையோ கேளுங்கள். தாமதத்தை எழுத்தில் வாங்குங்கள். முடியாவிட்டால் பலகையையாவது படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய நிலையங்களில் பான்ஹோஃப்ஸ்மிஸியோன் என்று ஒரு தொண்டு அமைப்பின் அறை இருக்கும். 1894-ல் பெர்லினில், வேலை தேடித் தனியாக நகரத்துக்கு வந்த பெண்களுக்கு உதவத் தொடங்கியது. இப்போது நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களில் இருக்கிறது. சூடாகக் குடிக்க ஏதாவது கொடுப்பார்கள், வண்டி மாற உதவுவார்கள், காசு வாங்க மாட்டார்கள். இம்மன்ஷ்டாட் அளவு ஊரில் எதிர்பார்க்காதீர்கள்.

29-ம் தேதி காலை லிண்டாவ் போனேன். அங்கேயும் ஒரு சின்னக் கோமாளித்தனம். 'லிண்டாவ்' என்று கேட்டதும் இறங்கிவிட்டேன். அது லிண்டாவ் ரொய்ட்டின், கரைமேல் இருக்கிற நிலையம். தீவில் இருப்பது லிண்டாவ் இன்செல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். ஜெர்மனியில் பெயருக்குப் பின்னால் வருகிற இரண்டாவது சொல்லையும் படிக்க வேண்டும். பிராங்க்ஃபர்ட்டே இரண்டு இருக்கிறது, மைன் ஆற்றங்கரையில் ஒன்று, ஓடர் ஆற்றங்கரையில் ஒன்று. விடுதியில் என் சாவி அப்படியே பெட்டிக்குள் இருந்தது. பணம் திரும்பாது என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை எதுவும் இல்லை; அங்கே ஞாயிறு என்றால் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள்தான். துறைமுக வாயிலில் ஒரு பக்கம் கல் சிங்கம், மறு பக்கம் கலங்கரை விளக்கம், நடுவில் அசையாத தண்ணீர், அதற்கப்பால் ஆல்ப்ஸ். பார்த்தேன். அழகுதான். கால் விரல் வலித்தது.

அத்தோடு முடிந்திருக்கலாம். 30-ம் தேதி இன்னொரு தவறு பலித்தது. ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனில் இருந்து உல்ம் வரை என் மாத டிக்கெட்டில் வட்டார ரயில், உல்மில் இருந்து பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்கு முன்கூட்டியே 34 யூரோவுக்கு வாங்கிய மலிவு விலை ஐசிஇ டிக்கெட். இந்த மலிவு டிக்கெட் குறிப்பிட்ட அந்த ஒரே வண்டிக்குத்தான் செல்லும். நீங்கள் வருகிற இணைப்பு வண்டி தாமதமாகி, போய்ச் சேருவது இருபது நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்றால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், அடுத்த வண்டியில் போகலாம். இதை நான் படித்திருந்தேன். படிக்காதது, அந்தச் சலுகை முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் என்பது. என் வட்டார ரயில் முக்கால் மணி தாமதம். ஐசிஇ போய்விட்டது. கவுன்டரில் இருந்தவர் இரண்டு டிக்கெட்டையும் பார்த்துவிட்டு, இது ஒரு ஒப்பந்தம், அது வேறு ஒப்பந்தம் என்றார். புதிதாக 86 யூரோ. விமானத்தைப் பிடிக்க வேண்டியவள் வாதாடவா முடியும்? விமானத்துக்குப் போகிற நாளில் புறப்படும் இடத்தில் இருந்து விமான நிலையம் வரை ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள், மாத டிக்கெட் கையில் இருந்தாலும். 2024-ல் அந்த நாட்டின் நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்குப் போனவை 62.5 விழுக்காடுதான், அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாமல். நான் ஐந்து மணி நேரம் முன்னதாகப் போகும்படி திட்டம் போட்டிருந்தேன். அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்ததால்தான் விமானம் கிடைத்தது.

ஏனென்றால் அந்த 86 யூரோ வண்டியும் 70 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 விழுக்காடு திரும்பக் கேட்கலாம். மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். சென்னைக்கு வந்த பிறகு கேட்டேன். அக்காவின் வங்கிக் கணக்கைக் கொடுத்தேன், 21 யூரோ 50 சென்ட் வந்தது. அக்கா அதைப் புத்தாண்டுச் சீட்டுப் பணம் என்று கேலி செய்தார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் அப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். டோனர் கடை, அழுகை, அறுபது யூரோ பயம் எல்லாம் சொன்னேன். அவர் தினத்தந்தியை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். குளிரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏட்டி, எந்தப் பெட்டி எங்க போகும்னு பாத்து ஏறணும்னு உனக்கு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"